பெஞ்ச்மார்க்குக்கு உரைகல்னு வச்சா என்ன?

வணக்கம் நண்பர்களே,

மதர்போர்டுகள ஒப்பிட்டுப் பாக்குற மென்பொருளுக்கு தமிழ்ச் சொல்லு தேடுற இந்த இழைய மூணு நாளா வாசிச்சிட்டே தான் இருக்கேன், கடையில வேலை ஒழியல. இப்போ கரண்ட் போயிட்டு, சால்டரிங் அயர்னும் ஆறிப் போச்சு, அதான் போன்ல இருந்து தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நமக்கு வேண்டியது நாலு சொல்லு. பெஞ்ச்மார்க் (மெஷினுக்கு ஒரு வேலைய குடுத்து எவ்வளவு வேகமா செய்யுதுன்னு பாக்குற சோதனை), அத ஓட்டுறது, ஓட்டினா வர்ற ஸ்கோர், ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கிற பேஸ்லைன். மதர்போர்டுக்கு வச்ச தாய்ப்பலகைய பத்தி சண்டை வேண்டாம், அது நின்னு போன சொல்லு. (கடையில யாரும் சொல்ல மாட்டாங்க, போர்டுன்னு தான் சொல்லுவாங்க, அது வேற விஷயம்.)

> பெஞ்ச்மார்க்குக்கு தரக்குறியீடு ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே, அதையே வச்சுக்கலாமே?

அக்கா, எங்க பக்கம் தரம்னு சொன்னாலே ரப்பர் ஷீட் தான் ஞாபகம் வரும். குலசேகரத்துலயோ அருமனையிலயோ வியாபாரி ஷீட்ட வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, குமிழ் இருக்கா, பூஞ்சை பிடிச்சிருக்கான்னு பாத்து ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5னு (புகை போட்ட ஷீட்டுக்கு உள்ள தர வரிசை) சொல்லிருவாரு. அது தரம் பிரிக்கிறது, சரக்கு மேல விழுற முத்திரை. பெஞ்ச்மார்க் முத்திரை இல்லையே, ஒரு வேலைய குடுத்து செய்ய வச்சுப் பாக்குறதுல்லா.

இழையில வந்த அளவுகோலும் எனக்கு ஒத்து வரல. அளவுகோல எங்க கொண்டு வச்சாலும் ஒரு அடி ஒரு அடி தான். இது அப்படியா, அதே போர்டு அதே ப்ராசசர், ஆடி மழையில ஓட்டினா ஒரு நம்பர், சித்திரை வெயில்ல ஏசி இல்லாத கடையில ஓட்டினா வேற நம்பர்.

வாத்தியார் அய்யா சொன்ன மட்டக்குறி தான் மூலத்துக்கு நேரான சொல்லு, மறுக்கல. நில அளவைக்காரங்க கல்லுல உளியால ஒரு கோடு வெட்டி, அதுல இரும்புச் சட்டத்த செருகி, அத பெஞ்சு மாதிரி ஆக்கி அளவுக்கம்பத்த நிறுத்துவாங்க, அதுல இருந்து வந்த பேரு தான் பெஞ்ச்மார்க். நாகர்கோவில் ஜங்ஷன்ல மஞ்சப் பலகையில கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு எழுதிருக்கும் பாருங்க, அந்தக் கணக்கெல்லாம் இந்த மாதிரி குறிகள பிடிச்சு வந்தது தான். ஆனா அய்யா, பேச்சுல மட்டம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். பொடியன் மிச்சம் பிடிச்ச காசுல ஒரு போர்டு வாங்கிட்டு வந்திருக்கான், அவன்கிட்ட உனக்க போர்டுக்க மட்டக்குறி இவ்வளவுன்னு சொன்னா சண்டைக்கு வருவான்.

சொல்லு தேடுறதுக்கு முன்னாடி, போர்டுகள ஒப்பிடும்போது என்ன தான் நடக்குதுன்னு பாக்கணும்னு தோணுது. போர்டுக்குன்னு தனியா ஒரு வேகம் பெருசா கிடையாது. ரேம கையாளுற மெமரி கன்ட்ரோலர் போர்டுல நார்த்பிரிட்ஜ் சிப்புக்குள்ள இருந்த காலத்துல போர்டு மாத்தினா வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது, 2003ல ஏஎம்டி அத்லான் 64லயும் 2008ல இன்டெல் நெஹலேம்லயும் அத ப்ராசசருக்கு உள்ளயே கொண்டு போயிட்டாங்க. இப்போ போர்டு கையில மிச்சம் இருக்கிறதுல முக்கியமானது ப்ராசசருக்கு கரண்ட் குடுக்கிற விஆர்எம், மெமரிக்கு போற தடம், பயோஸ்ல (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்கிற மென்பொருள்) கம்பெனி வச்சு அனுப்புற செட்டிங். அந்த செட்டிங்ல தான் விளையாட்டே. ப்ராசசர் வேகத்துக்கு அடிப்படையான பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு பொடி கூட்டி வச்சிருப்பாங்க, இல்லன்னா ப்ராசசர் எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கிற பவர் லிமிட்ட சத்தமில்லாம தூக்கி விட்டிருப்பாங்க, நாம பெட்டிய பிரிச்சு அப்படியே ஓட்டினா அந்த போர்டு முந்தி நிக்கும். சந்தையில தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டுற கதை தான். அதனால அதே ப்ராசசர், அதே ரேம், அதே கூலர், பயோஸ்ல அதே லிமிட், போர்டு மட்டும் மாறணும், அப்ப தான் அது ஒப்பீடு.

போன வாரம் வீடியோ எடிட் பண்ற ஒரு தம்பிக்காக ரெண்டு போர்டு இப்படி மாத்தி மாத்தி ஓட்டினேன். சினிபெஞ்ச்னு ஒரு பெஞ்ச்மார்க் மென்பொருள ஒரு தடவை ஓட்டினப்ப ரெண்டும் சமம்னு தான் சொல்லணும். பத்து நிமிஷம் தொடர்ந்து ஓட விட்டப்ப தான் விஆர்எம் மேல ஹீட்சிங்க் இல்லாத போர்டு ப்ராசசர் வேகத்த பைய பைய இறக்க ஆரம்பிச்சுது, அந்த இடத்துக்கு பின்பக்கம் விரல வச்சேன், வச்ச வேகத்துல எடுத்துட்டேன்.

அப்ப தான் எனக்கு வடசேரி நகை ஆசாரி ஞாபகம் வந்தாரு. சின்ன வயசுல அப்பா கூட போயிருக்கேன். உரைகல்லுன்னு சொல்ற கருப்புக் கல்லுல நகைய ஒரு இழுப்பு, பக்கத்துலயே மாற்று (பொன்னோட சுத்தம்) தெரிஞ்ச உரையாணிய ஒரு இழுப்பு, ரெண்டு கோட்டு மேலயும் திராவகம் ஒரு சொட்டு, எது மங்குது எது நிக்குதுன்னு பாப்பாரு. ஒரே கல்லு, ஒரே திராவகம், பொன்னு மட்டும் வேற. நாம பண்றதும் இதே தானே?

உரையாணி, அதாவது பேஸ்லைன் கூட நம்ம துறையில உண்டு. ட்ரைஸ்டோன்ங்கிற பழைய பெஞ்ச்மார்க்ல வர்ற புள்ளிய 1757ஆல வகுப்பாங்கல்லா, அது வாக்ஸ் 11/780ங்கிற பழைய கம்ப்யூட்டர்ல ஒரு செக்கன்டுக்கு ஓடின கணக்கு, அத ஒண்ணுன்னு வச்சு தான் மத்த மெஷினெல்லாம் இத்தனை மடங்குன்னு சொன்னாங்க. இப்போ உள்ள கீக்பெஞ்ச் 6 பெஞ்ச்மார்க்ல கோர் ஐ7 12700 ப்ராசசருக்கு 2500னு வச்சிருக்காங்க, மத்ததெல்லாம் அதுக்கு கூடவோ குறையவோ. வேடிக்கை என்னன்னா அவங்களும் கல்ல தான் பிடிச்சிருக்காங்க, 1972ல வந்த வெட்ஸ்டோன் பெஞ்ச்மார்க் ஒரு ஊர் பேருன்னாலும் சொல்லுக்கு அர்த்தம் சாணைக்கல்லு, அத கிண்டல் பண்ணி 1984ல வச்ச பேரு தான் ட்ரைஸ்டோன்.

இதுல இடிக்கிறதையும் நானே சொல்லிடுறேன். உரைன்னா இப்போ கம்ப்யூட்டர்ல டெக்ஸ்ட், உரைச்சோதனைன்னு எழுதினா எழுத்துப்பிழை பாக்குற மென்பொருள்னு நினைப்பாங்க. ஸ்கோருக்கு மாற்றுன்னு வைக்க ரொம்ப ஆசை, பத்தரை மாற்றுன்னு எவ்வளவு அழகா இருக்கு, ஆனா கீபோர்டுல ஆல்ட் விசை அந்தப் பேர எப்பவோ பிடிச்சுட்டு. உரைகல்லுக்கு வள்ளுவர் 505வது குறள்ல வச்ச கட்டளைக்கல்ல எடுக்கலாம்னா கட்டளை கமாண்டுக்கு போயிட்டு. பழைய வீட்டுல எல்லா ரூம்லயும் வாடகைக்கு ஆள் வந்த மாதிரி இருக்கு.

அதனால உரைய தனியா விடாம கல்லோட சேத்தே எழுதுவோம். பெஞ்ச்மார்க்குக்கு உரைகல். பத்திரிகையில தினம் வர்ற சொல்லு, யாரும் டெக்ஸ்ட்னு குழம்ப மாட்டாங்க. ஓட்டுறதுக்கு உரைத்தல் வேண்டாம், உரசிப்பார். உரசிப் பாத்தா தெரியும்னு நாம பேசுறது தானே, பட்டன்லயும் அடங்கும். ஸ்கோருக்கு புள்ளியே போதும்.

உரையாணி தான் எனக்கே கொஞ்சம் தயக்கம், ஆசாரி கடைக்கு போகாத பிள்ளைங்களுக்கு சுவத்துல அடிக்கிற ஆணியா தெரியும். மெட்ராஸ்காரங்களும் ஈழத்து நண்பர்களும் அங்க இதுக்கு வேற சொல்லு உண்டான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, மத்த மூணையும் கோப்புல ஏத்திடுறேன்.

கரண்ட் வந்துட்டு, வாறேன்.