ஃப்ளோ-த்ரூ ரூட்டிங்: ‘தொடுதடம்’ சரிவருமா?

வணக்கம்.

மின்சுற்றுப் பலகையில் யூஎஸ்பி தரவுத் தடங்களை (செம்புக் கோடுகளை), நிலைமின் தாக்குதலை உறிஞ்சிச் சில்லைக் காக்கும் டையோடின் கால்கள்மீதே கொண்டுபோகும் முறைதான் ஃப்ளோ-த்ரூ ரூட்டிங். இதற்குத் தமிழில் ‘பாய்வழித் தடம்’, ‘ஊடுதடம்’ என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. எனக்கு இரண்டிலும் தயக்கம் உண்டு. பலகையில் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கேபிளைச் செருகும்போது விரலில் ஏறியிருந்த நிலைமின், டி+, டி− எனப்படும் இரண்டு தரவுத் தடங்களில் இறங்கலாம். ஐஇசி 61000-4-2 என்ற நிலைமின் தாங்குதிறன் சோதனையில் 8 கிலோவோல்ட் தொடுகை இறக்கத்துக்கு முதல் உச்ச மின்னோட்டம் 30 ஆம்பியர். அது எழுவதற்கு ஒரு நானோநொடிகூட ஆவதில்லை. இந்த வேகத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டர் செம்புத் தடமும் தோராயமாக ஒரு நானோஹென்றி மின்தூண்டி ஆகிவிடும்; அதாவது, மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்த்துத் தன் குறுக்கே மின்னழுத்தத்தை எழுப்பும். தடத்திலிருந்து 3 மி.மீ. கிளை பிரித்து அதன் நுனியில் டையோடை வைத்தால், அந்தக் கிளையின் குறுக்கே மட்டும் 90 வோல்ட் அளவுக்கு எழும். டையோடு ஒழுங்காக வேலை செய்தாலும், நாம் காக்க நினைக்கும் யூஎஸ்பி சில்லின் வாசலுக்கு வருவது டையோடின் மின்னழுத்தமும் இந்த 90-உம் சேர்ந்த கூட்டுத்தொகைதான். டையோடிலிருந்து புவித்தளத்துக்கு இறங்கும் வழி நீண்டாலும் இதே கதி.

கிளை இருந்தால் சமிக்ஞை கெடும் என்பதையே பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் வேகத்துக்கு 3 மி.மீ. கிளை அப்படியொன்றும் பெரிய தொல்லை தராது. 5 ஜிகாபிட் தடம் என்றால் கதை வேறு. எனவே சொல்லின் பொருள் காப்பைச் சுற்றி அமைய வேண்டும்; சமிக்ஞையின் ஓட்டத்தையே சொல்லும் ‘பாய்வு’ அதற்கு உதவவில்லை.

‘ஊடுதடம்’ இன்னொரு குழப்பத்தைத் தரும். யூஎஸ்பிஎல்சி6-2 என்ற டையோடில் 1-ஆம் காலும் 6-ஆம் காலும் உள்ளேயே இணைந்தவை. ஆனால் இதே வேலைக்கு வரும் வேறு சில காப்பு டையோடுகளில் எதிர்ப்புறக் கால் உள்ளே எதனுடனும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கும். அங்கே தடத்தை டையோடின் அடியிலேயே செம்பாக இழுத்து இரண்டு கால்களையும் சேர்க்க வேண்டும். ‘ஊடு’ என்ற சொல்லை நம்பி, டையோடே கடத்திவிடும் என்று விட்டால் இணைப்பு அறுந்த பலகைதான் கிடைக்கும்.

அதனால் என் முன்மொழிவு ‘தொடுதடம்’. தடம் டையோடின் காலைத் தொட்டுக்கொண்டே யூஎஸ்பி சில்லுக்குப் போகிறது, ஒதுங்கி நிற்பதில்லை. பள்ளிக் கணக்கில் ‘தொடுகோடு’ படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. இதன் எதிர்ச்சொல்லாக, மேலே சொன்ன கிளையை, அதாவது ஸ்டப் என்பதை, ‘கிளைத்தடம்’ எனலாம்.

தொடுதிரை, தொடு பொத்தான் இவற்றோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பலாம்தான். ஆனால் தொடு பொத்தானுக்குப் பலகையில் இருப்பது அகன்ற செம்புத் திட்டு, தடமல்ல. பேச்சின் இடமும் வேறு. இந்தக் காப்பு டையோடின் ஆங்கிலப் பெயரான டிவிஎஸ் டையோடு என்றதும் மொபெட் நினைவுக்கு வரும் ஊரில் இதைச் சமாளித்துவிடலாம்!

பயன்பாட்டில் இப்படி வரும்: “டி+, டி− இரண்டையும் 90 ஓம் இணைத்தடமாக இழுத்து, செருகிக்கு அருகிலேயே டையோடில் தொடுதடமாக அமைக்கவும், கிளைத்தடம் கூடாது.”

இந்த வாக்கியத்தில் ‘இணைத்தடம்’ மட்டும் எனக்கு இன்னும் நெருடுகிறது. சமாந்தரமாக ஓடும் எந்த இரண்டு தடங்களையும் அது குறிக்கலாம். ஒரே சமிக்ஞையை எதிரெதிராகச் சுமக்கும் இரண்டு தடங்களான டிஃபரன்ஷியல் பேருக்கு ‘வேறுபாட்டு இணை’ என்று எழுதலாமா, நீண்டுவிடுகிறதா? கருத்து சொல்லுங்கள்.