முழுநேர எம்.பி.ஏ. தேர்வு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு பேச்சு

நீலமை

இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று இரண்டு வருடப் படிப்பு, ஸ்காலர்ஷிப் இல்லை. இன்னொன்று ஒரு வருடம், கட்டணத்தில் பாதி தள்ளுபடி. டெபாசிட் கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது. ரேங்கிங், ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் சராசரி எல்லாம் இந்த மன்றத்தில் நிறைய பேசியாகிவிட்டது, அதற்குள் போகவில்லை. என்னை உறுத்துவது ஒரு வருடப் பள்ளியின் ஆன்லைன் அறிமுகக் கூட்டத்தில் நடந்தது.

வேலைவாய்ப்பு அறிக்கையைத் திரையில் போட்டார்கள். படிப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் வேலை பெற்றவர்கள் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். அந்த எண்ணின் தலையில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி. அடியில் சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில், 'வேலை தேடியவர்களில்' என்று ஒரு வரி. மொத்த வகுப்பில் வேலை தேடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அட்மிஷன் அதிகாரி "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மைக் அணைந்தது. இரண்டு பேரின் உதடுகளும் அசைந்தன. மைக் திரும்ப வந்தபோது, "விவரத்தை மெயிலில் அனுப்புகிறோம்" என்றார். அடுத்த ஸ்லைடில் வளாகத்தின் படம்.

மெயிலும் வந்தது. அதே அறிக்கையின் பிடிஎஃப், அதே நட்சத்திரம்.

அந்தப் பள்ளியில் மற்றதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி ஏதாவது ஒரு பேச்சு முடிவையே மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

நூல்கண்டு

எனக்கு உண்டு. பள்ளியே பேசச் சொல்லிக் கொடுத்த பழைய மாணவர் எல்லாமே அருமை என்றார். அது பரவாயில்லை, அதற்காகத்தானே அவர் பெயரைக் கொடுக்கிறார்கள். நான் லிங்க்ட்இனில் தேடி, அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவரைப் பிடித்தேன். என்னைவிட வயதில் மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அறிக்கையில் 'எங்கள் மாணவர்களை எடுத்த நிறுவனங்கள்' என்று ஒரு பக்கம் இருக்குமே, அதைத் திறக்கச் சொன்னார். "ஒவ்வொரு பேரா படி." படித்தேன். "இது வருஷா வருஷம் காலேஜுக்கு வரும். இது வராது, என் பேட்ச்ல ஒருத்தன் அவனே அலைஞ்சு திரிஞ்சு வாங்கினான். இது, அவர் முன்னாடியே வேலை பார்த்த இடம், திரும்பப் போயிட்டார்." நான் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பக்கம் நிறையப் பெயர்கள். வளாகத்துக்கு வருபவை என்று குறித்ததில் பெரும்பாலும் வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும்தான். நான் போக நினைத்தது தொழில்நுட்ப நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு. அந்த வகையில் ஒரு நிறுவனம்கூடக் குறியில் விழவில்லை.

"போன வருஷம் அந்த வேலைக்குப் போனவங்க ரெண்டு பேரோட தொடர்பு கேளு. கொடுக்க முடியலைன்னா புரிஞ்சுக்கோ" என்றார். கேட்டேன். பொதுவான ஒரு நன்றி மெயில் வந்தது. வேறு பள்ளியில் சேர்ந்தேன்.

அச்சாணி

@நீலமை, ஒரு நட்சத்திரக் குறியை வைத்துப் பள்ளியைச் சந்தேகப்படுவது நியாயமில்லை. 'வேலை தேடியவர்களில்' என்று கணக்கிடுவது வணிகப் பள்ளிகளில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் கேரியர் அலுவலகங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறை. நிறுவனம் பணம் கட்டி அனுப்பியவர் திரும்ப அங்கேதான் போவார். சொந்தத் தொழில் தொடங்குகிறவர், குடும்பத் தொழிலுக்குப் போகிறவர், மேற்படிப்புக்குப் போகிறவர், இவர்களையும் சேர்த்தால்தான் கணக்கு பிசகும்.

நான் படித்தபோது கேரியர் அலுவலகத்தில் உதவி செய்துகொண்டிருந்தேன். படிப்பு முடியும் நேரத்தில் கணக்கெடுப்புப் படிவங்கள் வந்தன. என் நண்பன் 'வேலை தேடவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு என்னோடு ஒரே நிறுவனத்தின் இன்டர்வியூவுக்குக் காத்திருந்தவன் அவன். என்னடா இது என்றேன். "கிடைக்கலைன்னு எழுதறதுக்கு இது பரவாயில்லைடா" என்றான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் படிவத்தை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவைத்தது நான்தான், அதனாலோ என்னவோ இன்றும் மறக்கவில்லை. ஆக அந்தச் சதவீதத்துக்கு வெளியே இப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். பள்ளி ஒளிக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது ஒரு வருடமா இரண்டு வருடமா என்பது. இப்போது செய்யும் வேலையிலேயே மேலே போகவா, துறையே மாறவா? துறை மாறுகிறீர்கள் என்றால் இரண்டு வருடப் படிப்பின் நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்தான் எல்லாமே. முதலீட்டு வங்கிகளும் பெரிய ஆலோசனை நிறுவனங்களும் நிரந்தர ஆட்களில் பெரும்பகுதியை இன்டர்ன்களிலிருந்தே எடுக்கின்றன. ஒரு வருடப் படிப்பில் அந்த ஒத்திகை பெரும்பாலும் கிடையாது. அதிலும் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்டு. பிரான்ஸின் இன்சியாட் பள்ளியில் பத்து மாதப் படிப்புதான், ஆனால் ஜனவரியில் சேர்பவர்களுக்குக் கோடையில் இன்டர்ன்ஷிப் செய்ய இடைவெளி இருக்கிறது. வருடத்தின் பிற்பாதியில் சேர்பவர்களுக்கு அது இல்லை. ஒரே பள்ளி, ஒரே பட்டம், சேரும் மாதத்தைப் பொறுத்து வாய்ப்பு மாறுகிறது.

அப்புறம் சம்பளம். சராசரியைப் பார்க்காதீர்கள், இடைநிலை எண்ணை, அதாவது எல்லாச் சம்பளங்களையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவதை, பாருங்கள். இரண்டு பேருக்குப் பெரிய நிதி நிறுவனத்தில் கொழுத்த சம்பளம் கிடைத்தால் சராசரி தூக்கிக் காட்டும். எத்தனை பேர் சம்பளத்தைச் சொன்னார்கள் என்றும் பாருங்கள். வகுப்பில் பாதிப்பேர் வாய் திறக்காவிட்டால், திறந்தவர்கள் யாராக இருப்பார்கள் என்று ஊகிக்கலாம். துறைவாரியான பட்டியலில் நீங்கள் போக நினைக்கும் துறையின் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கினால் மாதத் தவணையை அந்த வரியின் கீழ்மட்டச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். பாதிக் கட்டணத் தள்ளுபடியைக் காட்டி இன்னொரு பள்ளியிடம் ஸ்காலர்ஷிப் கேட்கலாம், தப்பில்லை, மரியாதையாக எழுதுங்கள். எழுத்தில் வராத எந்த உறுதியையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நூல்கண்டு

@அச்சாணி, பொதுவான முறை இருக்கிறது என்பதற்காக எல்லோரும் நேர்மையாக எண்களைக் கொடுக்கிறார்கள் என்றாகிவிடாது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி தன் ஆன்லைன் எம்.பி.ஏ.வின் ரேங்கிங்குக்குப் பொய்த் தரவு கொடுத்தது 2018இல் வெளியே வந்தது. அப்போதைய டீனுக்கு 2022இல் சிறைத் தண்டனையே விதித்தார்கள். அது முழுநேரப் படிப்பு இல்லை, சரி. ஆனால் கேள்வி கேட்பவரைச் சந்தேகப் பிராணி மாதிரி பேச வேண்டாம். உங்கள் நண்பர் கதையே நீலமையின் கேள்விக்குப் பதில்தானே?

மூன்றாம்வரிசை

எண்களை விடுங்கள். வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தீர்களா? எனக்கு முடிவைக் கொடுத்தது அதுதான்.

கேஸ் முறையில், அதாவது ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்து வகுப்பையே விவாதிக்கவைத்து, நடத்தும் பள்ளி. ஹார்வர்டு பாணி என்றால் தெரியுமே, ஒரு செக்‌ஷனில் ஏறக்குறைய 90 பேர், படிப்படியாக உயரும் இருக்கைகள், ஒவ்வொருவர் முன்னாலும் பெரிய எழுத்தில் பெயர் அட்டை. இந்தப் பள்ளியும் அப்படித்தான், அளவு கொஞ்சம் சிறியது. பார்வையாளர்களை ஓரத்தில் உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண். நோட்டில் மூன்று குறிப்புகள் எழுதி வைத்திருந்தாள். பேராசிரியர் கேள்வி கேட்டதும் கையைத் தூக்கினாள், அவளோடு இன்னும் இருபது கைகள். வேறொருவன் அவளுடைய முதல் குறிப்பைச் சொன்னான். கையை இறக்காமலே இடது கையால் அதை அடித்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் போனது. மூன்றாவது குறிப்புக்குக் கீழே அவசரமாக இன்னொன்று எழுதிக்கொண்டிருந்தபோது பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கையை இறக்கிவிட்டாள். வெளியே வரும்போது பேச்சுக் கொடுத்தேன். "வகுப்பில் பேசுவதுதான் இந்தப் பாடத்தில் பாதி மதிப்பெண்" என்று மட்டும் சொன்னாள்.

நான் யோசித்துவிட்டுப் பேசும் ஆள். அன்று சாயங்காலமே அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். விரிவுரையும் கள வேலையும் கலந்து நடத்தும் இடத்தில் சேர்ந்தேன். நன்றாகவே போனது.

தாழ்வாரம்

@மூன்றாம்வரிசை, ஒரே ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கிறீர்கள். அமைதியானவர்களுக்குக் கேஸ் முறை ஆகாது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்களே என்றுதான் எழுதுகிறேன்.

நானும் வாய் திறக்காத ரகம். முதல் பருவத்தின் நடுவில் ஒரு பேராசிரியர் நடைபாதையில் நிறுத்தினார். "நாளைக்கு முதல் கேள்வி உனக்குத்தான். இப்போதே சொல்லிவிட்டேன். தயாராக வா." அவ்வளவுதான், நடந்துபோய்விட்டார். ராத்திரி முழுக்க அந்தக் கேஸின் வரவுசெலவு அட்டவணையைப் பிரித்து மேய்ந்தேன். காலையில் என் பெயரைச் சொன்னார். முதல் வாக்கியத்தில் குரல் உடைந்தது. பக்கத்து இருக்கைக்காரன் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான். இரண்டாவது வாக்கியத்திலிருந்து சரியாகிவிட்டது. இப்போது நான் வாடிக்கையாளர்கள் முன்னால் பேசித்தான் சம்பாதிக்கிறேன்.

வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் கை தூக்குபவர்களை எண்ணாதீர்கள். வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் யாரோடு நின்று பேசுகிறார் என்று பாருங்கள்.

மூன்றாம்வரிசை

உங்களுக்கு அந்தப் பேராசிரியர் வாய்த்தார். அவளுக்கு வாய்த்தாரா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கடிகாரமுள்

ரேங்கிங்கை எல்லோரும் தாண்டி வந்துவிட்ட மாதிரிப் பேசுகிறீர்கள். எனக்குப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய மேலாளர் தாண்டவில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னதும் லேப்டாப்பில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழின் ரேங்கிங் பட்டியலைத் திறந்து, விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். நூறு பெயர் முடிந்தது. "இல்லையேப்பா" என்றார். லிஸ்ட்டில் இருக்கும் பள்ளி என்றால் எழுதித் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று படித்தேன். 1999இலிருந்து வருகிறது. படிப்பு முடித்து மூன்று வருடமானவர்களிடம் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். போதுமான பேர் பதில் போடாவிட்டால் பள்ளி பட்டியலிலேயே வராது. அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளி 2022இல் முதலிடம். 2023இல் பட்டியலிலேயே இல்லை, காரணம் பழைய மாணவர்கள் போதுமான அளவு பதில் அனுப்பவில்லை. 2024இல் திரும்பவும் முதலிடம். நடுவில் அந்தப் பள்ளியில் என்ன கெட்டுப்போயிருக்கும்? மதிப்பெண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சம்பளமும் சம்பள உயர்வும்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் போக நினைத்தது மருத்துவமனை நிர்வாகத்துக்கு.

அந்த மூன்று வருடப் பட்டியலையும் அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கடிதம் தந்தார், நல்ல கடிதம். ஆனால் எனக்கு முன்னால் எத்தனை பேரை அந்த விரல் திருப்பி அனுப்பியிருக்கும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவர்கள் யாரும் பட்டியலைத் திருப்பிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டியலில் இல்லாத பள்ளி என்றால் அங்கீகாரத்தைப் பாருங்கள். ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா, இந்த மூன்று அங்கீகாரங்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று அவற்றைத் தரும் அமைப்புகளின் தளத்திலேயே தேடலாம். அது குறைந்தபட்சத் தரத்துக்கான சான்று, அதற்கு மேல் எதையும் அதில் தேடாதீர்கள்.

நீலமை

எல்லோருக்கும் நன்றி. கேள்வியை இந்த முறை அட்மிஷனுக்கு இல்லாமல் நேராகக் கேரியர் அலுவலகத்துக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. வேலை தேடியவர்கள் வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதியில் பெரும்பாலோர் நிறுவனம் அனுப்பியவர்கள் என்கிறார்கள். அச்சாணி சொன்னது ஒரு பக்கம் சரிதான். ஆனால் எனக்குத் துறை மாற வேண்டும். வகுப்பில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள் என்றால் அந்தப் படிப்பு யாருக்காக அமைக்கப்பட்டது என்பது தெரிகிறது. நூல்கண்டு சொன்ன மாதிரி துறை மாறியவர்கள் இரண்டு பேரின் தொடர்பு கேட்டிருக்கிறேன்.

வெயில்நேரம்

இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் படிக்கப் போனவர்கள். நான் கூடப் போனவள்.

இடம் கிடைத்தவர்களை அழைக்கும் இரண்டு நாள் நிகழ்ச்சிக்கு என் கணவரோடு போயிருந்தேன். நுழைவாயிலில் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். என் அட்டையில் அவர் பெயர், அதற்குக் கீழே 'துணைவர்'. என் பெயர் எங்கேயும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே உட்கார்ந்தவர் அட்டையைப் படித்துவிட்டு என்னிடம் என் கணவரின் வேலையைப் பற்றிக் கேட்டார். நானும் வேலை பார்க்கிறவள், அவருக்காக அதை விடப் போகிறவள்.

இன்னொரு பள்ளியில் அட்டையில் என் பெயர் இருந்தது. அதைவிட, இரண்டாம் வருட மாணவர் ஒருவரின் மனைவி என்னைத் தனியாக உட்காரவைத்து விசா பற்றி விளக்கினார். அமெரிக்காவில் மாணவரின் துணைவருக்கான எஃப்-2 விசாவில் வருபவர் வேலை பார்க்க முடியாது. பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து தொடங்கும் முதுகலைப் படிப்புகளில், ஆராய்ச்சிப் படிப்பைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் துணைவரைக் கூட்டிவரவே முடியாது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை. அதுவரை நாங்கள் போட்டு வைத்திருந்த செலவுக் கணக்கில் பாதி என் சம்பளத்தை நம்பி இருந்தது. அன்று ராத்திரி முழுக் கணக்கையும் அழித்துவிட்டு, ஒரு வருமானமும் இல்லாத வருடம் என்று வைத்துத் திரும்பப் போட்டோம். பட்டியலில் இருந்த நாடுகளின் வரிசையே மாறிவிட்டது.

நாங்கள் போனது துணைவருக்கு வேலை அனுமதி தரும் நாட்டுக்கு. இருந்தும் அந்த அனுமதி கைக்கு வருவதற்குள் கையிருப்பு கரைந்தது. குடும்பத்தோடு போனவர்கள் இங்கே யாராவது இருந்தால், எந்த நாடு, துணைவரின் வேலை அனுமதி வர எவ்வளவு காலம் ஆனது, பள்ளி அதில் ஏதாவது உதவியதா என்று எழுதுங்கள். கூடப் போகிறவர்கள் தேடும்போது இது கிடைக்க வேண்டும்.