எமீலியாவைத்தான் பார்ப்பேன்: நாங்கள் கண்ட ஒதெல்லோக்கள்

செம்பனைக்காரி, சுங்கை சிப்புட்:

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’, தன் கீழ் வேலை செய்யும் யாகோவின் பொய்யை நம்பி மனைவி டெஸ்டெமோனாவைக் கொன்றுவிடும் கறுப்பினத் தளபதியின் கதை. அதை யார் படமாக்கினாலும் என் கண் போவது எமீலியா மீதுதான். டெஸ்டெமோனா தவறவிட்ட கைக்குட்டையை எடுத்துத் தன் புருஷன் யாகோவிடம் கொடுப்பவள் அவள். அந்தத் துணியை வைத்துத்தான் அவன் அத்தனை பொய்யையும் நெய்கிறான். கடைசியில் உண்மையைப் போட்டு உடைப்பவளும் அவளே. அதற்காகப் புருஷன் கையாலேயே குத்துப்பட்டுச் சாகிறாள்.

தீபாவளி விடுமுறையில் அத்தையை உட்காரவைத்து இரண்டு படங்களைக் காட்டினேன். அத்தை தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவி ஓய்ந்தவர். ஆங்கிலமும் இந்தியும் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து கதை சொன்னேன். முதலில் 1995-இல் வந்தது. லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் ஒதெல்லோ, கென்னத் பிரானா யாகோ. பிரானா திரையிலிருந்து நேரே நம் முகத்தைப் பார்த்துத் தன் திட்டத்தைச் சொல்வார். “இவன் ஏன் நம்மிடம் வந்து சொல்கிறான்? நாம் என்ன அவன் கூட்டாளியா?” என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்தது விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’, 2006. கதை உத்தரப் பிரதேசத்து அரசியல் அடியாட்களிடம் போய்விட்டது. இங்கே யாகோவான லங்டா தியாகியாக வரும் சயிஃப் அலி கான், தனக்கு வரவேண்டிய பொறுப்பு இளையவனுக்குப் போனதும் கண்ணாடியை உடைக்கிறார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியைத் தண்டல் என்போம்; அத்தைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. “தண்டல் வேலையைச் சின்னப் பயலுக்குக் கொடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?” என்றார். கைக்குட்டை இதில் ஒட்டியாணம். கைக்குட்டை தொலைந்தால் யார் தேடப் போகிறார்கள்? பரம்பரை ஒட்டியாணம் தொலைந்தால் வீடே தலைகீழாகும்.

முடிவில்தான் எனக்கும் அத்தைக்கும் சண்டை. இங்கே எமீலியா புருஷன் கையால் சாவதில்லை. கொங்கொணா சென் சர்மா நடித்த, இந்து என்ற அந்தப் பெண், புருஷன் கழுத்தை அறுத்துவிடுகிறாள். “சபாஷ்” என்றார் அத்தை. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் பட்டது. நாடகத்தில் யாகோ உயிரோடுதான் பிடிபடுகிறான். ஏன் செய்தாய் என்று கேட்டால், இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அந்த மௌனத்துக்கு முன்னால் கத்தி பெரிதில்லை. அத்தை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய திடல், தெலுக் இந்தான்:

உங்கள் அத்தை தண்டல் வேலையைச் சொன்னதும் எனக்கு ஜெயராஜின் மலையாளப் படம் ‘களியாட்டம்’ (1997) ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் கிராணி (கணக்குப்பிள்ளை) மலையாளி. அவர் வீட்டில்தான் பார்த்தேன். அதில் ஒதெல்லோ ஒரு தெய்யம் கலைஞன், அதாவது கேரளத்தில் தெய்வ வேடம் கட்டி ஆடுபவன். முகமெல்லாம் அம்மை வடு. தெய்யம் கட்டினால் ஊரே கும்பிடும். வேடத்தைக் கலைத்தால் கீழ்ச்சாதிக்காரன். இந்த முகத்தை ஒருத்தி எப்படி விரும்புவாள் என்ற பயம் அவனுக்குள்ளேயே இருக்கிறது, யாகோ ஊதிவிட்டால் போதும். சுரேஷ் கோபிக்குத் தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை. கிராணியின் மனைவி முடிவைப் பார்க்கமாட்டார், அடுப்படிக்குப் போய்விடுவார்.

அதற்கும் முன்னால், தோட்டத்துத் திடலில் துணித்திரை கட்டி ‘இரத்தத் திலகம்’ (1963) போட்டார்கள். அதில் சிவாஜியும் சாவித்திரியும் ஒதெல்லோ நாடகக் காட்சியில் நடிப்பார்கள். சினிமாவுக்குள் நாடகம் என்று பெரியவர்கள் சொல்லியும் பெண்கள் சாவித்திரிக்காக அழுதார்கள். எமீலியா என்று ஒருத்தி இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

நாடக வாத்தியார், கூலிம்:

ஆர்சன் வெல்ஸை விட்டுவிட்டீர்களே! கறுப்பு வெள்ளைப் படம். பணம் தீரத் தீர நிறுத்தி நிறுத்தி மொராக்கோவிலும் இத்தாலியிலும் எடுத்தது, 1952-இல் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது. உடைகள் வந்து சேராததால் ஒரு கொலையை நீராவிக் குளியலறையில் துண்டு கட்டிய ஆட்களோடு எடுத்தார். நாடகம் போடுகிற நமக்கு இந்த வித்தை புதிதா என்ன? சவ ஊர்வலத்தோடு படம் தொடங்கும். யாகோவைக் கூண்டில் அடைத்துச் சுவரின் உயரத்துக்குத் தூக்குவார்கள். செம்பனைக்காரி கேட்கும் மௌனம் அங்கே முதல் காட்சியிலேயே இருக்கிறது.

லாரன்ஸ் ஒலிவியே முகத்தில் கறுப்பு பூசி நடித்த 1965 படத்தை மாணவர்களுக்கு ஒருமுறை போட்டேன். அந்தப் பூச்சைப் பார்த்ததும் பிள்ளைகள் நெளிந்தார்கள், நியாயம்தான். எமீலியாவாக ஜாய்ஸ் ரெட்மன் குரலை உயர்த்திய இடத்தில் மட்டும் வகுப்பு அடங்கியது. அத்தைக்கு அந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள், பிறகு சண்டையைத் தொடரலாம்.