மறு: தாட்ட குடத்துக்கு என்ன பெயர்?

வணக்கம்.

கன்றுக்குப் பக்கத்தில் மண்குடத்தைத் தாட்டு (அதாவது நிலத்துக்குள் புதைத்து), அதிலிருந்து ஊறும் தண்ணீரால் வேரை நனைக்கும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தம்பி முன்வைத்த ‘புதைபானைச் சொட்டுநீர்ப் பாசனம்’ என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலில் ‘சொட்டு’. எனக்கு வேலை வவுனியாவில், காணி நெடுங்கேணிப் பக்கம். சனிக்கிழமைகளில்தான் போகலாம், சில கிழமை அதுவும் இல்லை. மாவும் தோடையுமாக (உங்கள் ஆரஞ்சு) பதினொரு கன்று வைத்தேன். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதும் போத்தல்களில் ஊசித் துளை போட்டுக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானமே எல்லாம் வெறும்போத்தல் என்று பக்கத்து வளவு அக்கா சொன்னார். நாலு கன்று பட்டுப்போனது.

அப்புறந்தான் மண்குடம். கழுத்து மட்டும் வெளியே தெரியத் தாட்டு, தண்ணீர் நிரப்பி, நுளம்பு (கொசு) முட்டையிடாதபடி சட்டியால் மூடிவிட்டு வந்தேன். அடுத்த சனி போய்க் குடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விரலால் கிளறினேன். மேல் மண் பொடியாக இருந்தது. நாலு விரல் கீழே கறுத்து, கையில் ஒட்டியது. மாரி வந்தபின் ஒரு குடத்தைக் கிளப்பினால், தோடை வேர் மயிர்போல அதைச் சுற்றிப் பின்னிக் கிடந்தது.

போத்தல், மண் ஈரமாக இருந்தாலும் சொட்டும். குடம் அப்படியில்லை. மண் காய்ந்தால் சுவரின் நுண்துளை வழியே தண்ணீரை இழுக்கும். ஈரம் ஏற ஏற இழுவை குறையும். எவ்வளவு போகவேண்டும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. இதைச் ‘சொட்டு’ என்றால் பொருளே மாறிவிடும். இது கசிவு.

அடுத்தது ‘புதை’. வன்னியில் நிலத்துக்குள் புதைத்தது என்றால் முதலில் மனதில் வருவது கண்ணிவெடி. மீளக் குடியேறிய சனத்திடம் இந்தச் சொல்லோடு போக எனக்கு மனமில்லை. ‘தாழி’யும் வேண்டாம், அது ஈமத்தாழியை நினைவூட்டும்.

திருச்சி அண்ணா சொன்ன ‘கசிகலம்’ அழகான சொல்தான். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கலம் என்பது உயிரியல் சொல். நீங்கள் ‘செல்’ என்று எழுதுவதை நாங்கள் அப்படித்தான் படித்தோம். நான் முதலில் நினைத்த ‘கசிமுட்டி’ எங்களுக்குச் சரி, முட்டி என்றால் இங்கே சிறு பானை, கள்ளு முட்டி தெரியாதவர் இல்லை. உங்கள் பக்கம் முட்டி என்றால் முழங்கால் ஆகிவிடும். ஆங்கிலத்தில் இந்தக் குடத்துக்கு வழங்கும் ‘ஒல்லா’ என்ற பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்கமாட்டேன். ஸ்பானிய மொழியில் அது சாதாரணப் பானைதான். முறையும் அவர்களுடையது மட்டுமல்ல: கி.மு. முதலாம் நூற்றாண்டுச் சீன உழவு நூலொன்றிலேயே, குடத்தை மண்மட்டத்துக்கு இறக்கி, சுற்றி நாலு விதை ஊன்றச் சொல்லியிருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: கசிகுடம். முறைக்குக் கசிகுடப் பாசனம்.

இன்னொரு காரணமும் உண்டு. குடம் வாங்கப் போனபோது வியாபாரி, “கசியாத நல்ல குடமாத் தாறன்” என்று தட்டித் தட்டித் தெரிந்து தந்தார். எனக்கு வேண்டியதோ நேர் எதிர்: பெயின்ற் பூசாதது, தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் வியர்ப்பது. விளக்க எனக்குக் கால் மணித்தியாலம் ஆனது. கசிகுடம் என்ற சொல் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

வினைக்கு எங்கள் ‘தாட்டல்’ போதும் என்பது என் எண்ணம்: கசிகுடம் தாட்டல். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது விளங்குமா? வெள்ளிக்கு முன் எழுதுங்கள். சனிக்கிழமை அந்த வியாபாரியிடம் இன்னும் ஏழு குடத்துக்குச் சொல்லப் போகிறேன்.