ஏக்கத்தை வெற்றிடத்தால் வரைய முடியுமா?

கேள்வி:
பிரிந்தவரை எண்ணி ஏங்கும் பெண்ணொருத்தியை வரைந்து வருகிறேன். முகத்தில் எவ்வளவு துயரத்தைக் கொண்டு வந்தாலும் அது அழுகையாகத் தெரிகிறதே தவிர, ஏக்கமாகத் தெரியவில்லை. உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை இதற்கு எவ்வாறு பயன்படுத்தலாம்?

மறுமொழி 1:
அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வயத் 1948-இல் வரைந்த ‘கிறிஸ்டினாவின் உலகம்’ ஓவியத்தைப் பாருங்கள். நமக்கு முதுகு காட்டியிருக்கும் அப்பெண்ணின் முகம் தெரிவதே இல்லை. அவளுக்கும் மேல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் வீட்டுக்கும் இடையே விரிந்து கிடக்கும் புல்வெளிதான், நடக்க இயலாத அவளுடைய ஏக்கம் முழுவதையும் சுமக்கிறது.

மறுமொழி 2:
எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. அந்தப் புல்வெளி வெறுமையானதன்று. முட்டை மஞ்சள் கருவில் குழைத்த டெம்பரா வண்ணத்தில் மிக நுணுக்கமாகத் தீட்டப்பட்டது. உண்மையான வெறுமைக்கு, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய ஓவியர் ஹசெகவா தோஹாகு மடிப்புத் திரைகளில் மையால் வரைந்த பைன் மரங்களையே சொல்வேன். அவற்றில் தீட்டப்படாத தாளே மூடுபனியாகிறது. மரங்கள் பாதி தோன்றிப் பாதி மறைவதால், காணாததைக் கண் தேடிக்கொண்டே இருக்கிறது.

கேட்டவர்:
அப்படியானால் முகத்தைத் திருப்பிவிட்டு, அவள் நோக்கும் திசையில் தாளை வெறுமையாக விடுகிறேன்.

மறுமொழி 2:
விடுங்கள், ஆனால் அவ்வெளியின் மறுகோடியில் ஒரு கதவு நிலையாவது இருக்கட்டும். இல்லையெனில் அது முடிக்காத ஓவியமாகத் தோன்றிவிடும்.