கழுத்தில் மட்டும் ஷேவ் வழவழப்பாக வரவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

ஈரத்துண்டு கேட்டது:

வணக்கம். கன்னத்தில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, கழுத்துதான் பாடாய்ப் படுத்துகிறது. தாடைக்குக் கீழே, தொண்டை முடிச்சுக்கு இரண்டு பக்கமும், ஷேவ் முடித்த பிறகும் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கிறது. அதைச் சரி செய்யலாம் என்று திரும்பத் திரும்ப இழுத்தால் அரை மணி நேரத்தில் தோல் சிவந்து, காலர் பட்டாலே எரிகிறது. மறுநாள் வலப்பக்கம் சிவப்புப் பொட்டுகள். அதில் இரண்டில் முடி தோலுக்கு அடியில் சுருண்டு கறுப்பாகத் தெரிகிறது.

ஆறு மாதத்துக்கு முன் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றை பிளேடு ரேசருக்கு மாறினேன். பிரஷ், சோப்பு எல்லாம் இருக்கிறது. முகம் அருமையாக வருகிறது. கழுத்து மட்டும் பழையபடியே. மேலிருந்து கீழ் ஒரு சுற்று, அப்புறம் கீழிருந்து மேல் ஒரு சுற்று, இதுதான் என் வழக்கம். வேலை காரணமாக அடிக்கடி ஷேவ் செய்தாக வேண்டும். இன்னும் கூரான பிளேடு வாங்கட்டுமா, ரேசரையே மாற்றட்டுமா?

காலைவெளிச்சம் எழுதியது:

ஒரு பிளேடை எத்தனை ஷேவுக்கு வைத்திருக்கிறீர்கள்? நான் ஐந்தாவது ஷேவோடு தூக்கிப் போட்டுவிடுவேன். கழுத்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும். கன்னத்தில் ஓடுகிற பிளேடு கழுத்தில் முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

நுரைக்கிண்ணம் எழுதியது:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். “மேலிருந்து கீழ், அப்புறம் கீழிருந்து மேல்” என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். கன்னத்து முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். அதனால் அங்கே அந்தக் கணக்கு சரியாக வருகிறது. கழுத்து முடி ஒரே திசையில் வளருவதில்லை.

இது எனக்கே பதினைந்து வருடம் தெரியாது. என் கழுத்தில் இடப்பக்கம் முடி காதுப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் கழுத்தடியிலிருந்து தாடையை நோக்கி மேலே வளர்கிறது. தொண்டை முடிச்சுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுழி. அப்படியென்றால், மேலிருந்து கீழே இழுத்த முதல் சுற்றிலேயே வலப்பக்கம் எதிர்முடியில், அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக, போய்க்கொண்டிருந்திருக்கிறேன். முடி நீளமாக இருக்கும்போதே எதிர்த்துப் போனால் எரியாமல் என்ன செய்யும்? உங்களுக்கும் வலப்பக்கம்தான் பொட்டு வருகிறது என்பதால், முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விடுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, காய்ந்த கழுத்தில் சின்னப் பஞ்சை வைத்து மெதுவாகத் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசைதான் முடியின் போக்கு. பஞ்சின் இழை சிக்கினால் அது எதிர்த்திசை. மேல், கீழ், பக்கவாட்டு, சாய்வு என்று எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போடுங்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரியே வரைய வேண்டும், இல்லையென்றால் ஷேவ் செய்யும்போது இடம் வலம் குழம்பும். என் தாள் இரண்டு மாதம் குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்தது.

அப்புறம் சுற்றுகள். முதல் சுற்று, அந்தந்த இடத்து அம்புக்குறி போகும் திசையில். மறுபடி நுரை போட்டு இரண்டாவது சுற்று, முடிக்குக் குறுக்கே. அதோடு நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்கு எதிர்முடி வேண்டாம். நுரை இல்லாத இடத்தில் பிளேடு படவே கூடாது. “இங்கே மட்டும் கொஞ்சம் விட்டுப்போச்சு” என்று வெறும் தோலில் இழுக்கிற அந்த ஓர் இழுப்புதான் மறுநாள் பொட்டாக வருகிறது.

கோணம் இன்னொன்று. கழுத்தில் தாடைக்கு அடியில் தோல் உள்ளே வளைகிறது. கன்னத்தில் பிடித்த அதே பிடியில் கீழே இறங்கினால், பாதி வழியில் பிளேடு தோலைச் சுரண்ட ஆரம்பிக்கும். ரேசர் தலையின் மேல்மூடியை மட்டும் தோலில் வையுங்கள், கைப்பிடி தோலிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கட்டும். அப்படியே கைப்பிடியை மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் பிளேடு முடியைத் தொடுகிற ‘கிற்’ சத்தம் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கும். இழுப்பு ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வளைவு மாறும்போது மணிக்கட்டும் கூடவே மாற வேண்டும். கார்ட்ரிட்ஜில் தலை தானாகவே ஆடிக்கொடுக்கும், இதில் அந்த வேலை உங்கள் கையுடையது. அழுத்தவே வேண்டாம். கைப்பிடியின் அடிமுனையை இரண்டு மூன்று விரலால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது.

தொண்டை முடிச்சின் மேலேயே பிளேடை ஏற்றாதீர்கள். அதன் மேல் இருக்கும் தோலை விரலால் ஒரு பக்கமாக நகர்த்தி, தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து சிரையுங்கள். மற்றப் பக்கத்துக்கும் அப்படியே. சோப்பில் விரல் வழுக்கினால் விரல் நுனியைப் படிகாரக் கட்டியில் ஒரு முறை தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும்.

கூர்முனை எழுதியது:

எதிர்முடியில் போகாமல் கழுத்து வழவழப்பாக வரவே வராது என்பது என் அனுபவம். தோலை நன்றாக இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஒரே சுற்று. எனக்கு எந்தக் கொப்புளமும் வந்ததில்லை.

நுரைக்கிண்ணம் எழுதியது:

உங்கள் முடி நேராக இருக்கலாம், தோலும் தாங்குகிறது. கேட்டவருக்கு ஏற்கெனவே முடி உள்ளே சுருள்கிறது, அவர் இதைச் செய்யக் கூடாது. தோலை இறுக்கி இழுத்தால் முடி கூடுதலாக வெளியே வரும். அந்த நிலையில் எதிர்முடியில் வெட்டிவிட்டுத் தோலை விட்டால், வெட்டுப்பட்ட கூர் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். சுருட்டை முடி வளரும்போது அந்த நுனி வெளியே வருகிற வழியை விட்டுப் பக்கச் சுவரில் குத்துகிறது. வெளியே வந்த முடியே வளைந்து திரும்பத் தோலுக்குள் இறங்குவதும் உண்டு. இதற்கு மருத்துவத்தில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று பெயர். பல பிளேடு கார்ட்ரிட்ஜிலும் இதே வேலை நடக்கிறது, முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க அடுத்தது வெட்டும். ஒற்றை பிளேடுக்கு மாறியது நல்ல முடிவு. அதில் தோலை இறுக்கி இழுத்து எதிர்முடியில் போனால் அந்த நன்மை போய்விடும். தோல் தட்டையாகும் அளவுக்குப் பிடித்தால் போதும்.

தம்பி, அந்த இரண்டு முடியையும் ஊசியால் தோண்டாதீர்கள். அந்த இடத்தை மட்டும் சில வாரம் சிரைக்காமல் விட்டால், முடி நீளும்போது பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தடம் மாதிரி வையுங்கள். சீழ் வைத்தாலோ வலி கூடினாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலைவெளிச்சம் எழுதியது:

பிளேடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது, ஆனாலும் பிளேடு மழுங்குகிறது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விளிம்பு தேய்வது மட்டுமல்ல, முடி சாய்வாக மோதும் சில இடங்களில் விளிம்பில் நுணுக்கமான சில்லுகள் பெயர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கழுத்துக்குத் தெரியும். நீங்கள் வைத்திருக்கும் ரேசரின் அடிப்படையே பிளேடை அடிக்கடி மாற்றுவதுதான். ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்றதும் அப்படி மாற்றிக்கொள்கிற மெல்லிய பிளேடுக்குத்தான். எனவே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நனைப்பதிலும் அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று நிமிடமாவது வெதுவெதுப்பான தண்ணீர் முடியில் ஊற வேண்டும். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்தால் அந்த வேலை முடிந்திருக்கும். குனிந்து முகம் கழுவும்போது கழுத்தில் தண்ணீர் சரியாகப் படுவதில்லை, அதைக் கவனித்திருக்கிறீர்களா?

ஈரத்துண்டு எழுதியது:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. பஞ்சு வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நேராகக் கீழே. வலப்பக்கம் காதுக்கு அடியிலிருந்து தொண்டையை நோக்கிக் குறுக்கே வளர்கிறது, கீழே வரவர மேல்நோக்கித் திரும்புகிறது. இத்தனை நாள் அந்த இடத்தில்தான் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் சொரசொரப்பு கூடவே இருந்தது, பொறுத்துக்கொண்டேன். பத்து நாளில் எரிச்சல் நின்றது. ஒரு முடி தானாக வெளியே வந்துவிட்டது, இன்னொன்று இன்னும் உள்ளேதான், அந்த இடத்தைத் தொடுவதில்லை. குளித்த பிறகு ஷேவ் செய்கிறேன். பிளேடு நான்கு ஷேவோடு சரி. இப்போது முடியோடு தடவினால் வழவழப்பு, எதிரே தடவினால் லேசாகத் தட்டுப்படுகிறது. இடப்பக்கம் மட்டும் எதிர்முடி முயன்று பார்க்கலாமா?

நுரைக்கிண்ணம் எழுதியது:

இடப்பக்கம் பொட்டு எதுவும் வரவில்லை என்றால் செய்து பாருங்கள். தாடைக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும், மறுநாள் ஷேவ் தேவையில்லாத நாளில், புது பிளேடில். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வலப்பக்கத்தை இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டுவிடுங்கள்.