எல்பிஅட்மின் கட்டளையில் -ஈ எங்கே வர வேண்டும்?

பாலாற்றங்கரை:
வேலூர் வட்டாரக் கடைகளில் லினக்ஸ் கணினியோடு பிரிண்டரை இணைப்பது பற்றி ஆற்காட்டார் எழுதிய குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. புதிய பிரிண்டரைச் சேர்க்க, பிரிண்டர்களை அமைக்கும் கட்டளையை ‘எல்பிஅட்மின் -ஈ -பி கல்லா’ (கல்லா என்பது பிரிண்டருக்கு வைக்கும் பெயர்) என்று தொடங்கும்படி சொல்லிவிட்டு, பெரிய எழுத்தில் வரும் அந்த -ஈ முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒன்றுதான் என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார். ஒன்றே அல்ல. பிரிண்டரின் பெயரோடு வரும் -பி, -டி, -எக்ஸ் தேர்வுகளுக்கு முன்னால் வரும் -ஈ, லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் சர்வருடனான தொடர்பை, பிறர் படிக்க முடியாதபடி டிஎல்எஸ் மூலம் மறையாக்கம் செய்யச் சொல்கிறது. பிரிண்டரின் பெயருக்குப் பின்னால் வரும் -ஈ, அந்தப் பிரிண்டரை இயங்கச் செய்து, அச்சுப் பணிகளை ஏற்கவும் வைக்கிறது. கையேட்டுப் பக்கத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. அவர் சொன்னபடி தட்டச்சு செய்யும் கடைக்காரருக்கு, பணிகள் காத்திருக்கும் அச்சு வரிசை உருவாகும். ஆனால் அது முடங்கிய நிலையில், எந்தப் பணியையும் ஏற்காமல் நிற்கும்.

ஆற்காட்டார்:
ஆற்காடு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய மூன்று ஊர்களிலும் நான் அமைத்துக் கொடுத்த பிரிண்டர்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் -ஈ முன்னால்தான் இருக்கிறது. ஒரு கடைக்காரர்கூட என்னிடம் வந்து பிரிண்டர் முடங்கிக் கிடக்கிறது என்று சொன்னதில்லை. கையேட்டைப் படிப்பது நல்ல பழக்கம்தான், ஐயா. ஆனால் சனிக்கிழமை மாலை லாங்கு பஜாரில் வாடிக்கையாளர் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு பில் அச்சிட வைப்பது வேறு வேலை.

பாலாற்றங்கரை:
உங்கள் பிரிண்டர்கள் ஏன் ஓடுகின்றன என்பதற்கான விடை உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. கடைசி இரண்டு வரிகளில் ‘கப்ஸ்எனேபிள் கல்லா’, ‘கப்ஸ்அக்செப்ட் கல்லா’ என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறீர்கள். -ஈ செய்ய வேண்டிய வேலையை அந்த இரண்டு கட்டளைகளும் செய்துவிடுகின்றன. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் பிரிண்டரின் அமைப்பை மாற்ற உங்கள் வரியை ஓட்டினாலும் அது இயங்கிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் அதை யாரும் நிறுத்தவில்லை. கடைசி இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு, புதிய பெயரில் ஒரு வரிசையை உருவாக்கி, ‘எல்பிஸ்டாட் -பி’ என்றும் ‘எல்பிஸ்டாட் -ஏ’ என்றும் கேட்டுப் பாருங்கள். முதலாவது பிரிண்டர் இயங்குகிறதா என்பதைச் சொல்லும். இரண்டாவது பணிகளை ஏற்கிறதா என்பதைச் சொல்லும். இரண்டுக்கும் இல்லை என்றே பதில் வரும். சரியான வரி இது: ‘எல்பிஅட்மின் -பி கல்லா -ஈ -வி ஐபிபி://கருவியின்முகவரி/ஐபிபி/பிரிண்ட் -எம் எவ்ரிவேர்’.

குடியாத்தம் அச்சகர்:
இருவரும் -ஈ பற்றியே பேசுகிறீர்கள். -எம் எவ்ரிவேர் என்பது நெட்வொர்க்கில் ஐபிபி என்ற அச்சு நெறிமுறையைப் பேசத் தெரிந்த புதிய பிரிண்டர்களுக்குத்தான் பொருந்தும். எங்கள் ஊர் லுங்கிக் கடைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் மூன்று படிவ பில் அடிப்பதற்கு இன்னமும் ஊசிகளால் தட்டி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள்தான் இருக்கின்றன, அவற்றுக்கு எவ்ரிவேர் எதற்கு உதவும்? -எம் ரா என்று கொடுத்து, பில் மென்பொருள் அனுப்புவதை அப்படியே கருவிக்குள் தள்ளுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. அந்த ரா முறையை இனி ஆதரிக்கப்போவதில்லை என்று கப்ஸ் எச்சரிக்கை காட்டுகிறதே, அதற்கு வழி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
அச்சகர் ஐயா, கப்ஸோடு வரும் மாதிரி டிரைவர்களில் (கருவியை இயக்க உதவும் நிரல்களில்) எப்சன் 24 ஊசி, 9 ஊசிக் கருவிகளுக்கு உரியவை இருக்கின்றன. ‘எல்பிஇன்ஃபோ -எம்’ என்று கேட்டால் பட்டியல் வரும்; உங்கள் கருவி எப்சன் மொழியைப் புரிந்துகொள்ளுமானால் அதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பில் மென்பொருள் தானே கட்டுப்பாட்டுக் குறியீடுகளை அனுப்புவதாக இருந்தால், வரிசையை டிரைவரோடு அமைத்துக்கொண்டு, அந்தப் பணியை மட்டும் ‘எல்பி -ஓ ரா’ என்று அனுப்பிப் பாருங்கள். ஆனால் அங்கேயும் -ஈ பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

வாணியம்பாடி நிர்வாகி:
இதற்கெல்லாம் கட்டளை வரி எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உலாவியைத் திறந்து கப்ஸின் 631ஆம் போர்ட்டுக்குப் போனால் பிரிண்டரைச் சேர்க்கும் பக்கம் வந்துவிடுகிறது. நான்கு பொத்தான்களை அழுத்தினால் முடிந்துவிடும் வேலைக்கு ஓர் எழுத்து முன்னாலா பின்னாலா என்று சண்டை போடுகிறீர்கள். ஆப்பிள் நிறுவனம் 2007இல் கப்ஸை வாங்கியதே சாதாரண மனிதரும் பிரிண்டரைக் கையாள வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆற்காட்டார்:
வாணியம்பாடியாருக்கு வரலாறும் தெரியவில்லை. மேக் கணினிகளில் 2002லேயே கப்ஸ் வந்துவிட்டது. அதை 1990களின் இறுதியில் உருவாக்கியவர் மைக்கேல் ஸ்வீட். அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு மூலநிரலை வாங்கியதுதான் 2007இல் நடந்தது. அவர் 2019இல் ஆப்பிளை விட்டு வெளியேறிய பிறகு ஓபன்பிரிண்டிங் குழு அதைத் தொடர்ந்து வளர்க்கிறது. திரையே இல்லாத சர்வரில் உலாவியை எங்கே திறப்பீர்கள்?

வாணியம்பாடி நிர்வாகி:
என் மேசையில் இருக்கும் கணினியிலிருந்து திறப்பேன். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் அனுமதியைக் கொடுத்தால் போதும். உங்கள் வரலாற்றுப் பாடத்தை நான் கேட்கவில்லை.

பாலாற்றங்கரை:
அனுமதியைக் கொடுத்தால் போதும் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லாதீர்கள். 2024 செப்டம்பரில் நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு நிரலில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை 631ஆம் யுடிபி போர்ட்டை வெளியே திறந்துவைத்தவர்களைத்தான் முதலில் தொட்டது. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைத்தொடர்பு வழியாக உள்ளே போய் ஒரே வரியை ஓட்டிவிட்டு வெளியே வருவதுதான் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. தோல் நிறுவனக் கிடங்கில் வரிசையாக நிற்கும் லேபிள் பிரிண்டர்களை, கட்டளைகளைத் தொகுத்த ஒரே ஸ்கிரிப்டில் அமைக்கலாம். பொத்தானை அழுத்தி அமைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பிழை புகும். அந்த ஸ்கிரிப்டில் -ஈ தவறான இடத்தில் இருந்துவிட்டால் அத்தனை வரிசைகளும் முடங்கிப் பிறக்கும் என்பதால்தான் நான் இதை விடாமல் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி மாணவி:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் ‘எல்பிஅட்மின் -டி’ கொடுத்து இயல்புநிலைப் பிரிண்டரை மாற்றினோம். மற்றவர்களுக்கு மாறிவிட்டது; என் கணக்கிலிருந்து மட்டும் இன்னமும் பழைய பிரிண்டருக்கே போகிறது. இதற்கும் அந்த -ஈ தான் காரணமா?

ஆற்காட்டார்:
இல்லை, அம்மா. நீங்கள் முன்பு எப்போதாவது ‘எல்பிஆப்ஷன்ஸ் -டி’ கொடுத்திருப்பீர்கள். அது உங்கள் முகப்பு அடைவில் உள்ள கப்ஸ் கோப்பில் தனியாகப் பதிவாகியிருக்கும். சர்வரின் இயல்புநிலையைவிட அதற்கே முன்னுரிமை. அதே கட்டளையை ரூட் எனும் நிர்வாகிக் கணக்கில் கொடுத்திருந்தால் அந்தக் கணினி முழுவதற்கும் பொருந்தும் பதிவாக இருந்திருக்கும். புதிய பிரிண்டரின் பெயரைக் கொடுத்து ‘எல்பிஆப்ஷன்ஸ் -டி’ என்று ஒரு முறை ஓட்டிவிடுங்கள். இப்படி உருப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் அந்தக் குறிப்பை எழுதினேன்.

பாலாற்றங்கரை:
பதில் சரிதான், ஆனால் பாதிதான். பிரிண்டர், எல்பிடெஸ்ட் என்ற சூழல் மாறிகள் (நிரல்கள் படிக்கும்படி கணக்கில் வைக்கும் மதிப்புகள்) அமைந்திருந்தால் அவை அந்தக் கோப்பையும் மீறும். மாணவி அவற்றையும் பார்க்க வேண்டும். பாதிப் பதிலை முழுப் பதிலைப் போலச் சொல்வது ஆற்காட்டாருக்குப் புதிதல்ல. சென்ற ஆண்டு, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டர் அமைப்புகள் உள்ள பிரிண்டர்ஸ்.கான்ஃப் கோப்பைத் திறந்து திருத்தும்படி ஒருவருக்கு இவர் அறிவுரை சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும் கப்ஸ் தன் நினைவில் உள்ளதை அந்தக் கோப்பின்மீது எழுதிவிடும். அந்த மனிதர் செய்த மாற்றங்கள் அத்தனையும் காணாமல் போயின.

ஆற்காட்டார்:
அந்தப் பழைய கதையை இங்கே இழுப்பது ஏன் என்று எனக்குத் தெரியும். சர்வரை நிறுத்திவிட்டுத் திருத்துங்கள் என்று அடுத்த பதிலிலேயே எழுதினேன். அதை நீங்கள் எப்போதும் சொல்வதில்லை. -ஈ முன்னால் இருப்பதால் என்ன கேடு வந்துவிட்டது? மறையாக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது. பின்னால் வரும் இரண்டு கட்டளைகளும் பிரிண்டரை இயக்குகின்றன. நான் சொன்ன முறையில் வேலை நடக்கிறதா இல்லையா?

பாலாற்றங்கரை:
மூன்று கட்டளைகளும் சேர்ந்தால் நடக்கிறது. உங்கள் குறிப்போ முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும் என்று வாசகரை நம்ப வைக்கிறது. இயக்குவதும் ஏற்பதும் வெவ்வேறு என்பதையே நீங்கள் மதிப்பதில்லை. ‘கப்ஸ்டிஸேபிள்’ கொடுத்தால் அச்சிடுவது நிற்கும், பணிகள் வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கும். ‘கப்ஸ்ரிஜெக்ட்’ கொடுத்தால் புதிய பணிகள் வாசலிலேயே திருப்பப்படும், உள்ளே இருப்பவை அச்சாகி முடியும். கருவியைப் பழுதுபார்க்க அனுப்பும்போது முதலில் ரிஜெக்ட் கொடுத்து, மிச்சமிருக்கும் பணிகளை ‘எல்பிமூவ்’ மூலம் வேறு பிரிண்டருக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாத கடைகளில்தான் பிரிண்டர் நின்றது தெரியாமல் பையன் அச்சுப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறான். பிறகு யாராவது கப்ஸ்எனேபிள் கொடுக்கும்போது ஒரே பில் கட்டுக்கட்டாக வந்து விழுகிறது. பணி தோற்றால் பிரிண்டரை நிறுத்திவிடுவது கப்ஸின் இயல்பான கொள்கை. மின்வெட்டு மிகுந்த நம் ஊர்களுக்கு, பிரிண்டர்-எரர்-பாலிசி என்பதை ரிட்ரை-ஜாப் (பணியை மீண்டும் முயல்வது) என்று எல்பிஅட்மினின் -ஓ தேர்வில் மாற்றிவைப்பது நல்லது. இதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. -ஈ எங்கே வந்தாலும் ஒன்று என்ற தவறான வரி மட்டும் இருக்கிறது.

குடியாத்தம் அச்சகர்:
பாலாற்றங்கரையார் சொன்ன 24 ஊசி டிரைவரைப் போட்டுப் பார்த்தேன். எழுத்துகள் படமாக அச்சாவதால் ஒரு பில் வருவதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ரா முறையில் நொடியில் வந்த பில் அது. வேகத்தைப் பற்றி யாருமே பேசவில்லை.

பாலாற்றங்கரை:
அதனால்தான் பணியை மட்டும் ‘எல்பி -ஓ ரா’ என்று அனுப்பச் சொன்னேன். நான் எழுதியதை முழுவதுமாகப் படியுங்கள்.

குடியாத்தம் அச்சகர்:
எங்கள் பில் மென்பொருளில் அந்தத் தேர்வைச் சேர்க்க இடமே இல்லை. படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

வாணியம்பாடி நிர்வாகி:
உலாவியில் அமைத்திருந்தால் -ஈ என்ற கேள்வியே எழுந்திருக்காது என்பதை மறுபடியும் பதிவு செய்கிறேன்.

ஆற்காட்டார்:
பாலாற்றங்கரையாருக்குக் கடைசியாகச் சொல்கிறேன். ரிட்ரை-ஜாப் பற்றித் தனிக் குறிப்பு எழுத எனக்குத் தெரியும். -ஈ இருக்கும் இடத்தை மாற்றப்போவதில்லை. என் கடைக்காரர்கள் மூன்று கட்டளைகளையும் வரிசையாகத்தான் ஓட்டுகிறார்கள்.

பாலாற்றங்கரை:
அப்படியானால் ‘எங்கே வந்தாலும் ஒன்றுதான்’ என்ற வரியை மட்டுமாவது நீக்குங்கள். கப்ஸ்எனேபிள், கப்ஸ்அக்செப்ட் இரண்டும் இல்லாமல், புதிய பெயரில், உங்கள் முதல் வரியை மட்டும் ஓட்டி, எல்பிஸ்டாட் -ஏ என்ன சொல்கிறது என்பதை இங்கே ஒட்டுங்கள். அதுவரை இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.